கூடிப்போன தண்ணீர்

"ஆரும் மூச்சு விடாதேங்கோ!" என்றார் டொக்டர் தயாளினி.

தம்பிராசா விடவில்லை. வயிற்றை எக்கி, கன்னத்தை உப்பி, சுவரோடு சுவராக நின்றார். ஆய்வகத்தின் இரண்டு விசிறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். வைகாசி வெயில் துறைமுகத்துத் தண்ணீரில் பட்டு யன்னல் வழியாக உள்ளே அடித்தது. அவருடைய மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அது விழலாமோ கூடாதோ என்று கேட்கலாமென்றால் வாய் திறக்க வேண்டும். வாய் திறக்காமல் இருப்பது அவருக்கு மூச்சு விடாமல் இருப்பதைவிடக் கஷ்டமான காரியம்.

"சரி. எடுத்தாச்சு. இனி விடலாம்."

"என்ட மூத்தவள் பிறக்கேக்க வார்ட்டுக்கு வெளியிலகூட நான் இவ்வளவு பயந்து நிண்டதில்லை, மிஸ்," என்றார் தம்பிராசா.

மிஸ் என்று அவர் சொன்னது சப்ரினாவை. ஆறு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்து, சலித்துப்போய், உட்துறைமுக வீதியில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக விசாரணை நிலையம் திறந்தவள். முப்பத்தேழு வயது. தம்பிராசாவின் முச்சக்கர வண்டியை முதல் நாள் வாடகைக்குப் பிடித்தாள். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தான் உதவித் துப்பறிவாளர் ஆனது தம்பிராசாவுக்கே ஒரு நாள் திடீரென்றுதான் தெரிந்தது.

"படம் என்ன சொல்லுது, டொக்டர்?" என்று கேட்டாள் சப்ரினா.

"நேற்றுச் சொன்னதையேதான். ஒண்டும் உயிரோட இல்லை."

சப்ரினாவை இங்கே கூட்டிவந்த சுஹைரா மூலையில் கதிரை நுனியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கடலோடு கலந்த குறிஞ்சாக்கேணிக் களப்பில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கும் பதினான்கு பெண்களுக்குத் தலைவி அவர். அந்தப் பதினான்கு வீட்டு அடுப்பும் எரிவது அந்தச் சிப்பியால்தான். களப்புத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இந்த ஆய்வகம் ஆறு மாதத்துக்கொரு தடவை அறிக்கை எழுதும். இந்த முறை 'தண்ணீரில் நஞ்சு, நுண்பாசிகள் எல்லாம் இறந்துவிட்டன' என்று எழுதியாகிவிட்டது. பாசி இல்லையென்றால் சிப்பிக்குச் சாப்பாடு இல்லை. நஞ்சு என்றால் அனுமதியே இல்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்கு அறிக்கை மேலிடத்துக்குப் போகும். இப்போது மணி பன்னிரண்டு பத்து.

"எங்கட தண்ணியில ஒரு பிழையும் இல்ல," என்றார் சுஹைரா. "நேத்தும் அதிலதான் முகம் கழுவின. அங்க மீன் துள்ளுது, இறால் ஓடுது. இந்த மெசினுக்கு மட்டும் எப்படிச் செத்துப்போச்சு?"

"மெசின் பொய் சொல்லாது, அக்கா," என்றார் தயாளினி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "லேசர் ஒளியை ரெண்டாப் பிரிக்கிறம். ஒண்டு தண்ணித் துளிக்குள்ளால, பாசியின்ட உயிருள்ள கலத்துக்குள்ளால போகும். மற்றது ஒண்டிலயும் படாமல் வரும். ரெண்டும் கமராவில சந்திக்கேக்க கோடு கோடா விழும். மூச்சுக் காற்றுப் பட்டாலும் அது குழம்பிப்போகும். அந்தக் கோட்டில இருந்து கொம்பியூட்டர் கலத்தின்ட தடிப்பு, வடிவம் எல்லாம் கட்டியெழுப்பும். சாயம் போடத் தேவையில்லை. சாயம் போட்டால் கலம் செத்துப்போகும்."

தம்பிராசா தலையைச் சொறிந்தார்.

"அதாவது, ரெண்டு பேரை ஒரே நேரத்தில பஸ் நிலையத்துக்கு அனுப்புறீங்கள். ஒருத்தன் நேர் ரோட்டால போறான். மற்றவன் சந்தைக்குள்ளால போறான். சந்தைக்குள்ளால போனவன் எவ்வளவு சுணங்கினான் எண்டு பார்த்தால் சந்தையில எவ்வளவு சனம் எண்டு கணக்குப் பார்க்கலாம். அதுதானே?"

தயாளினி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை நான் பிள்ளையளுக்கு ரெண்டு கிழமை படிப்பிக்கிறனான்."

"நான் முப்பது வருஷமா அந்தச் சந்தைக்குள்ளால ஓட்டுறனான்," என்றார் தம்பிராசா பெருமையாக.

சப்ரினா இதற்குள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, சுஹைரா அனுப்பிய போத்தலை வெளியே எடுத்திருந்தாள். உள்ளே இருக்கும் பாசிக்குக் காற்று வேண்டுமென்பதால் மூடி போடாமல் மெல்லிய துணியால் வாய் கட்டிய கண்ணாடிப் போத்தல். கழுத்துக்குக் கீழே கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு.

"இந்தக் கோடு?"

"தண்ணி நிரப்பினவுடன நான் போட்ட," என்றார் சுஹைரா. "தண்ணி எதுவரைக்கும் இரிக்கு எண்டு கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித்தான் லாப் சட்டம். வழியில சிந்தினா தெரியும் எண்டு."

"டொக்டர், இதில இருந்து நீங்க தண்ணி எடுத்தீங்கதானே?"

"நேற்று ரெண்டு தரம். இண்டைக்கு ஒரு தரம்."

"அப்ப கோட்டுக்குக் கீழ இருக்கணும்."

எல்லாரும் போத்தலைப் பார்த்தார்கள். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது.

ஆய்வகத்தில் மறுபடியும் ஒருவரும் மூச்சு விடவில்லை. இந்தத் தடவை தயாளினி சொல்லாமலே.

"களவெடுத்தால் குறையும். இது கூடியெல்லோ இருக்கு!" என்றார் தம்பிராசா. "கொண்டுவந்து வைச்சிட்டுப் போற கள்ளனை நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன், மிஸ்."

தயாளினியின் முகம் சிவந்துவிட்டது. "நான் கோட்டைப் பார்க்கேல்லை," என்றார். மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கிற மனுஷி. இரண்டு விரல் தண்ணீர் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது, அதனால்தான் கண்ணில் படவில்லை. "உப்பு அளக்கிற கருவி இருந்தாலாவது பிடிச்சிருப்பன். அது திருத்தக் கொழும்புக்குப் போய் மூண்டு மாசம்."

"எனக்குத் தெரியும் இது ஆர் செய்த வேலை எண்டு!" சுஹைரா எழுந்துவிட்டார். "ஸஹாப்தீன்! மூணு வருஷமாக் கறுவிக்கொண்டு இரிக்கிறார். நஞ்சை ஊத்திட்டார்!"

"ஆர் அந்த ஸஹாப்தீன்?" என்று கேட்டார் தம்பிராசா.

சுஹைரா மறுபடியும் கதிரை நுனியில் உட்கார்ந்தார். "பஸ் நிலையத்துக்கு முன்னால மீன் கடை. என்ட கூடப்பொறந்த மூத்தவர்தான், 'நானா, நானா' எண்டு நான் பின்னால திரிஞ்ச மனுஷன். முந்தி எங்கட சிப்பி எல்லாம் அவர்ட கடைக்குத்தான் போகும். பொறகு நாங்க உப்புவெளி ஹோட்டல்களுக்கு நேரா அனுப்பத் தொடங்கின. அண்டையில இருந்து பேச்சில்ல. கலியாண வீட்டில கண்டாலும் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்."

தம்பிராசா குறிப்புக் கொப்பியை எடுத்து ஸஹாப்தீன் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். காரணம் இருக்கிறது, பகை இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வழக்கு முடிந்துவிடும் போலிருந்தது.

சப்ரினா கணினித் திரைக்குக் கிட்டப் போனாள்.

"டொக்டர், நஞ்சு பட்டா இந்தக் கலம் எப்படிச் சாகும்?"

"கனக்க நஞ்சுக்குச் சுருங்கிப்போகும்."

"இது?"

"இது வீங்கி வெடிச்சிருக்கு. சவர்க்காரக் கழிவுக்கும் இப்பிடி வெடிக்கும். அதாலதான் நஞ்சு எண்டு எழுதினன்." தயாளினி ஒரு கணம் நிறுத்தினார். "ஆனால் நல்ல தண்ணிக்கும் வெடிக்கும். உப்புத் தண்ணியில வாழுற கலம் திடீரெண்டு நல்ல தண்ணிக்குள்ள விழுந்தால், குடிச்சுக் குடிச்சு ஊதி வெடிச்சிடும்."

"குடிக்கிற தண்ணியை ஊத்திக் கொலை செய்தவன்!" என்றார் தம்பிராசா. "மிஸ், இவனைப் பிடிச்சால் பொலிஸில என்ன எண்டு எழுதுவினம்? தாகம் தீர்த்த குற்றமோ?"

"அண்ணன், ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாருங்களேன், உப்பா இல்லையா எண்டு."

"ஆய்வகத்தில ஒண்டையும் நக்கிப் பார்க்கக் கூடாது!" என்று தயாளினி அலறினார். இவ்வளவு நல்ல சட்டம் ஒன்றைத் தம்பிராசா வாழ்நாளில் கேட்டதில்லை.

சப்ரினா புன்னகைத்தாள். பிறகு கேட்டாள். "நேத்து எடுத்த படம் கலத்தைப் பார்த்து எடுத்தது. அதுக்கு மேல ஏதும் மிதந்திருந்தா இனிப் பார்க்க ஏலாதா?"

"ஏலும். அதுதான் இந்த முறையின்ட கெட்டித்தனம். கமராவில விழுந்த கோட்டுக்குள்ள துளியின்ட முழு ஆழமும் இருக்கு. எடுத்து முடிஞ்ச பிறகும் மேல போகலாம், கீழ போகலாம்."

தயாளினி சுட்டியை மெல்ல நகர்த்தினார். வெடித்த கலங்கள் மங்கின. வெறும் தண்ணீர் வந்தது. அதற்கும் மேலே, விளிம்பு பிசிறிய ஏதோ ஒன்று மெதுவாகத் தெளிந்து வந்தது. உள்ளே செங்கல் அடுக்கின மாதிரி சின்னச் சின்ன அறைகள்.

"மரம்," என்றார் தயாளினி. "மரத்தின்ட துகள். தண்ணியில கிடந்து ஊறினதில்லை. வாளால அறுத்த விளிம்பு."

"எங்கட களப்பில மரம் அறுக்கிற ஆக்கள் இல்ல," என்றார் சுஹைரா.

"இல்லைத்தான்," என்ற சப்ரினா கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "டொக்டர், நாலு மணி வரைக்கும் அந்த அறிக்கையை அனுப்பாதீங்க. ராத்தா, நீங்க இங்கேயே இருங்க. அண்ணன், வண்டியை எடுங்க."

வண்டியில் போகும்போது தம்பிராசா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நல்ல தண்ணி, மரத்தூள். தச்சுவேலைக்காரன் ஒருத்தன் போத்தலுக்குள்ள கை கழுவிட்டான் போல."

"பெட்டி எப்படி ஆய்வகத்துக்கு வந்தது எண்டு பார்ப்பம்," என்றாள் சப்ரினா.

பெட்டி வந்தது இந்தப் பக்கத்தில் எல்லாப் பொருளும் வருகிற மாதிரித்தான். கிண்ணியாவில் பஸ் கண்டக்டரின் கையில் கொடுத்தால் திருகோணமலையில் இன்னொருவர் வந்து வாங்கிக்கொள்வார். பற்றுச்சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கண்டக்டர் றிகாஸ். பஸ் நிலையத்தில், இந்த ஊர் வீதிகளில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று அவனுடைய பஸ்ஸின் முன் சக்கரத்தோடு ஒட்டி நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. அவன் அதைத் தட்டித் துரத்திக்கொண்டே கதைத்தான்.

"ஓம், நான்தான் கொண்டுவந்த. ரெஜிபோம் பெட்டி, பாரமில்லாத வெள்ளைப் பெட்டி. மேல 'சுஹைரா, குறிஞ்சாக்கேணி' எண்டு பெரிசா எழுதியிருந்த. லாப் ஆக்கள் ஒருத்தரும் வரல்ல. மூணு தரம் கோல் எடுத்த. பஸ் திரும்புற நேரமாயிட்டு. என்ன செய்ற? நிழலா ஒரு கடைக்கு முன்னால, ஆக்கள் குந்துற வாங்கில வைச்சிட்டுப் போன."

"எந்த வாங்கில?"

றிகாஸ் வீதிக்கு அந்தப் பக்கம் கை காட்டினான். மீன் கடை. பலகையில் பச்சை எழுத்தில் 'ஸஹாப்தீன்'.

தம்பிராசா கொப்பியில் மூன்றாவது கோடும் போட்டார்.

"திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டாள் சப்ரினா.

"அல்லாவுக்காக இல்ல! நான் கலியாணப் புடவை கொண்டுபோயிருக்கன், பாஸ்போட் கொண்டுபோயிருக்கன், ஒரு தரம் ஒரு வாப்பாவுக்குப் பல்லுச் செட்டும் கொண்டுபோயிருக்கன். ஒண்டையும் திறந்ததில்ல."

"அந்த வாங்கில நிழல் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பதினொண்டு, பதினொண்டரை மட்டும். பொறகு வெயில் சுள்ளெண்டு அடிக்கும்."

"ஆய்வக ஆள் வந்து எடுத்தது எத்தனை மணிக்கு?"

"மூணு மணியாம். பின்னேரம் கரண்டும் இல்ல, அடுத்த நாள் காலமதான் திறந்தாங்க எண்டு கேள்வி."

சப்ரினா நன்றி சொல்லிவிட்டு வீதியைக் கடக்காமல் நின்றாள். "அண்ணன், இந்த ஊரில ஒரு ரெஜிபோம் பெட்டி நடு வெயிலில கிடக்கிறதைக் கண்டா சனம் என்ன நினைக்கும்?"

"மீன் எண்டு நினைக்கும்."

"நினைச்சு என்ன செய்யும்?"

"நாறப் போகுதெண்டு ஐஸ்..." தம்பிராசா வாயைத் திறந்தபடியே நின்றார். மான்கூட ஒரு நொடி தோலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. "ஐஸ் போடும்! உருகினால் நல்ல தண்ணி! அடக் கடவுளே!"

"இங்க எல்லாக் கடையிலயும் மெசினில அடிச்ச தூள் ஐஸ். ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள்ள புதைச்சு வைக்கிறவர் இன்னும் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார். வாங்க, போய்ப் பாரை மீன் விலை கேட்பம்."

ஸஹாப்தீன் முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், வெள்ளைத் தாடி. துறைமுகத்தின் மறுகரையில் நிற்பவனுக்கும் விலை கேட்கும்படியான குரல். சப்ரினா யாரென்று சொன்னதும் அந்தக் குரல் கட்டையாகிப் போனது.

"எனக்கு ஒரு பெட்டியையும் தெரியா."

தம்பிராசா கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு பெரிய மரப் பெட்டி. உள்ளே மரத்தூள். மரத்தூளுக்குள் ஐஸ் கட்டி. ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து முதலாளியின் தராசுத் தட்டில் வைத்தார்.

"முதலாளி, இந்தத் தூள் உங்கட தங்கச்சியின்ட போத்தலுக்குள்ள நீந்துது."

"காத்தில பறந்து போயிருக்கும்."

"மூடின பெட்டிக்குள்ளயோ?"

"எனக்கு அவள்ட பெட்டியில என்ன வேலை? மூணு வருஷத்துக்கு முதல் இந்தச் சந்தை முழுக்கக் கேக்கச் சத்தியம் பண்ணின நான், இனி அவள்ட பொருள் ஒண்டில என்ட கை படாது எண்டு. கேட்டுப் பாருங்க!"

சந்தையிலிருந்த இரண்டு பேர் கேட்காமலே தலையாட்டினார்கள்.

சப்ரினா குரலைத் தாழ்த்தினாள். "சரி முதலாளி. அப்ப நான் வேற மாதிரி எழுத வேண்டி வரும். அந்தத் தண்ணியில நஞ்சு எண்டு அறிக்கை. பெட்டி இருந்தது உங்கட வாங்கில. நஞ்சு வைச்சது நீங்க எண்டு எழுதட்டா?"

ஸஹாப்தீன் சுற்றும் முற்றும் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"எழுதுங்க. நான்தான் நஞ்சு வைச்ச."

தம்பிராசாவுக்குப் பேனா கையிலிருந்து நழுவியது.

"என்ன நஞ்சு?" என்று கேட்டாள் சப்ரினா, முகம் மாறாமல்.

"நஞ்சுதான்."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

"எங்க வாங்கின?"

"கடையில."

"எந்தக் கடையில?"

"கடையில எண்டு சொன்னன்தானே! நஞ்சு வைச்சவனிட்ட இவ்வளவு கேள்வி கேக்கிறதா?"

சப்ரினாவோடு திரியத் தொடங்கியதிலிருந்து சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரிய குற்றத்தை மறைக்கிறவர்கள் பலரைத் தம்பிராசா பார்த்திருக்கிறார். செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு கொஞ்சம் ஐஸை மறைக்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறார். சிரிப்பு வந்தது. முதலாளியின் கண்ணைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

சப்ரினா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"முதலாளி, அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது சிப்பி இல்ல. களப்புத் தண்ணி. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். ஐஸ் உருகித் துணிக்குள்ளால போத்தலுக்குள்ள இறங்கி அதுகள் எல்லாம் வெடிச்சுச் செத்துப்போச்சு. அதைப் பார்த்துத்தான் தண்ணியில நஞ்சு எண்டு முடிவு. இண்டைக்கு நாலு மணிக்கு அந்தக் கடிதம் போகும். போனா, சுஹைரா ராத்தாட இடத்தை மூடிடுவாங்க. பதினாலு பேர்ட இடத்தையும்."

ஸஹாப்தீன் தராசுத் தட்டிலிருந்த மரத்தூளைப் பார்த்தார்.

"மூடுறதா?" என்றார். அவருக்கு இப்படியும் ஒரு குரல் இருப்பது அந்தச் சந்தைக்கே தெரிந்திருக்காது.

"ஓம்."

அவர் மீன் வெட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டார். "வெயில் வாங்குக்கு வந்திட்டு. கடையில எல்லாரும் ளுஹர் தொழப் போன. அவள்ட பேரை அதில பார்த்த. மூடியைத் தூக்கினா ஈரச் சாக்கு. சிப்பி எண்டு நினைச்ச. ஹோட்டல்காரன் நாறின சிப்பி எண்டு திருப்பி அனுப்பினா அவள்ட பேரெல்லோ கெடும்? சாக்குக்கு மேல ரெண்டு கை ஐஸ்தான் போட்ட. ஒருத்தரும் காணல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"சத்தியம் பண்ணினவன் போய் அவள்ட பெட்டிக்கு ஐஸ் போட்ட எண்டு சந்தை சிரிக்காதா?"

சந்தை சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கும்பிளா மீனை எண்ணத் தொடங்கினார்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார் ஸஹாப்தீன்.

"புதுத் தண்ணி வேணும். மூண்டரைக்கு முதல் ஆய்வகத்தில இருக்கணும். பஸ்ஸில போய் வந்தா நேரம் காணாது."

அவர் ஏப்ரனைக் கழற்றி எறிந்தார். "என்ட போட் ஜெட்டியில நிக்கிது."

அப்படித்தான் தம்பிராசா, நீச்சல் தெரியாத மனிதர், அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு மீன் படகின் நடுப் பலகையில் உட்கார நேர்ந்தது. பின்னால் என்ஜினைப் பிடித்தபடி ஸஹாப்தீன். முன்னால் வெறும் போத்தலோடு சுஹைரா. தயாளினியைப் பிடித்து வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி சப்ரினா கரையிலேயே நின்றுவிட்டாள். சுஹைராவை ஜெட்டிக்கு வரவழைத்து நடந்ததையெல்லாம் அவளே சொல்லியிருந்தாள். சுஹைரா கேட்டு முடித்துவிட்டு, படகில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாதி வழியில் அவருடைய வாய் திறந்தது.

"தம்பிராசா அண்ணன், போட் ஓட்டுறவரிட்டச் சொல்லுங்க, கண்டல் மரம் நிக்கிற பக்கம் கல்லு இரிக்கு எண்டு."

ஓட்டுகிறவர் எட்டடி தூரத்தில் இருந்தார். தம்பிராசா திரும்பினார். "முதலாளி, கல்லிருக்காம்."

"நாங்க பொறந்து வளர்ந்த இடம். எனக்குத் தெரியும் எண்டு சொல்லுங்க."

"தெரியுமாம்."

"தெரிஞ்சா ஏன் அதால போறார் எண்டு கேளுங்க."

"ஏன் போறீங்களாம்?"

"அவசரத்துக்கு எண்டு சொல்லுங்க!"

தம்பிராசாவின் கழுத்து வலிக்கத் தொடங்கியது. தந்திக் கம்பத்துக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

குறிஞ்சாக்கேணியில் சுஹைரா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கயிறுகளுக்கு நடுவே போத்தலை முக்கி நிரப்பி, துணி கட்டி, கோடு போட்டு, படமும் எடுத்தார். மற்றப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். ஸஹாப்தீன் முதலாளி அந்தக் கரைக்கு வந்து மூன்று வருடம்.

திரும்பும்போது காற்று எழும்பியிருந்தது. நேரம் இரண்டரை தாண்டிவிட்டது. ஆனாலும் ஸஹாப்தீன் ஒவ்வோர் அலையையும் நேராக இடிக்காமல் சாய்வாக ஏறி இறங்குவதைத் தம்பிராசா கவனித்தார். சுஹைராவின் மடியிலிருந்த போத்தல் குலுங்கவில்லை. சுஹைராவும் அதைக் கவனித்தார் என்பது அவருடைய முதுகிலிருந்தே தெரிந்தது.

துறைமுக வாய்க்கு வந்ததும் அவர் திரும்பாமலே சொன்னார். "ஐஸ் ஏன் போட்ட எண்டு கேளுங்க."

தம்பிராசா கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

"வெயில் எண்டு சொல்லுங்க," என்றார் ஸஹாப்தீன்.

சுஹைரா முந்தானையை விரித்துப் போத்தலுக்கு நிழல் பிடித்தார்.

மூன்று பத்தொன்பதுக்குப் போத்தல் ஆய்வகத்து மேசையில் நின்றது. தயாளினி முதல் வேலையாகக் கோட்டைப் பார்த்தார். தண்ணீர் சரியாகக் கோட்டில் இருந்தது. விசிறிகள் நின்றன. ஐந்து பேரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். திரையில் கோடுகள் விழுந்து, கொம்பியூட்டர் கொஞ்சம் முணுமுணுத்து, படம் வந்தது.

உருண்டை உருண்டையாக, நடுவில் தடித்து, ஓரம் மெலிந்து, ஒவ்வொன்றும் வாலை அடித்துக்கொண்டு அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, விலகின, மறுபடியும் ஓடின. இவ்வளவு சின்ன ஒரு துளிக்குள் இவ்வளவு பரபரப்பா என்று தம்பிராசாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நூற்றுக்குத் தொண்ணூற்றாறு உயிரோட," என்றார் தயாளினி. அவருடைய கண் கலங்கியிருந்தது. "அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பழைய அறிக்கையை நான் அழிக்கிறன். ஏன் அழிச்சனான் எண்டும் எழுதுறன். என்ட பிழையையும் சேர்த்து."

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் புது அறிக்கை போனது. சப்ரினா தயாளினியின் பக்கத்துக் கதிரையில் சாய்ந்து, அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணை மூடினாள்.

"மிஸ், கட்டணச் சீட்டில என்ன எழுதுறது?" என்று மெதுவாகக் கேட்டார் தம்பிராசா. "குற்றவாளி ஒருத்தரும் இல்லையே."

"இருக்கிறார்," என்றாள் சப்ரினா கண்ணைத் திறக்காமல். "பாருங்க, அங்க நிக்கிறார்."

ஸஹாப்தீன் திரைக்கு முன்னால் நின்றார். மீன் செதில் ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தச் சின்ன உயிர்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுகளையா நான் சாகடிச்ச?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

சுஹைரா போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். தம்பிராசா வழக்கம்போலத் தூது போக வாயைத் திறந்தார். சுஹைரா அவரைப் பார்க்கவேயில்லை.

"இனி எதைப் போட்டாலும் என்னட்டக் கேட்டுட்டுப் போடுங்க, நானா."

முதலாளியின் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது.